ஒரு சைஸ் பெரிசு

“பேத்திக்குத்தான். பொறந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகல, அதுக்காக வளராமலா இருக்கப் போறா?”

கார்லீன் என்னை எதுவும் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னையும் நான் நீட்டிய மழைக்கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள், அவ்வளவுதான். பச்சைக் கோட்டு. தலைக்குப் போடும் குல்லாயில் இரண்டு தவளைக் கண்கள் துருத்திக்கொண்டு நிற்கும். நாலு வயதுப் பிள்ளைக்கான அளவு.

“டூயி ஹார்கிஸ், உன் பேத்தி இதப் போடறதுக்குள்ள உன் கைக்குத் தடி வந்துரும் கண்ணு.”

“வரட்டும். தடி ஊனிட்டே கொண்டுபோய் பள்ளிக்கூடத்துல விடுறேன்.”

“போன வாரம் ஊஞ்சல் வாங்கின. அதுக்கு முன்னாடி சைக்கிள். அந்தப் புள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கல.”

“கழுத்து நின்னப்புறம் நல்ல சைக்கிள் கிடைக்கும்னு என்ன நிச்சயம்?”

கார்லீன் சிரித்துக்கொண்டே விலைச்சீட்டைத் திருப்பினாள். “ஒரு டாலர்” என்று படித்தவள் அப்படியே நிறுத்தினாள். “முப்பத்தொண்ணா? இது வெல்டா நம்பராச்சே. கடைச் சீட்டே பிரிக்காத கோட்டுக்கு வெல்டா ஒரு டாலரா போட்டா?”

“இது மட்டுமில்ல. நாலு வயசு ரேக்குல இன்னும் இருக்கு. எல்லாமே ஒரு டாலர்.”

அவள் கோட்டை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நாளைக்குத்தானே கோர்ட்டு?” என்றாள்.

“காலைல.”

கோட்டை மடித்துப் பையில் போட்டு, காசை வாங்கிக்கொண்டாள். கார்லீன் வாயை மூடிக்கொண்டு ஒரு பை கட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெல்டா க்ரவுஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்று சாக்ஸ் மில்லில் சேர்ந்தவன். மில் மூடும்வரை அங்கேதான் இருந்தேன். என் வீட்டுக்காரி இறந்த வருஷம் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன், அப்படியே கிடந்திருப்பேன், வெல்டா விடவில்லை. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “டிவியோட சண்டை போட்டது போதும். சர்ச் ஹாலுக்கு வந்து பொம்மைக்குப் பேட்டரி மாத்து” என்றாள். போனேன். இன்றுவரை அதுதான் என் வேலை.

எங்கள் சர்ச் ஹாலில் வருஷத்துக்கு இரண்டு தடவை பிள்ளைச் சாமான் விற்பனை நடக்கும். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன துணி, செருப்பு, தள்ளுவண்டி, பொம்மை எல்லாவற்றையும் ஊரே கொண்டுவந்து, அவரவர் நம்பரும் விலையும் எழுதித் தொங்கவிடும். விற்றால் ஒரு பங்கு சர்ச்சுக்கு, மீதி கொண்டுவந்தவருக்கு. வியாழன் சாயங்காலம் ஹாலில் வேலை செய்தவர்கள் மட்டும் வாங்கலாம். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கதவு திறக்கும். சனிக்கிழமை பாதி விலை. மிஞ்சியதைத் திரும்ப எடுத்துப் போக விருப்பமில்லை என்றால் சீட்டில் ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். அது தானமாகப் போய்விடும்.

இதில் வெல்டாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். கழுத்து, முட்டி, கை மடிப்பு. பிறகு மோந்து பார்ப்பாள். பால் கறையை அவள் நம்பவே மாட்டாள். அலமாரிக்குள் வைக்கும்போது வெள்ளைவெளேர் என்று இருக்கும், அடுத்த வருஷம் எடுத்தால் கழுத்தடியில் மஞ்சளாக வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் விற்க எடுத்த துணியை எல்லாம் இன்னொரு தடவை தோய்த்து வெயிலில் போட்டுவிடுவாள். ஷூவின் அடிக்குப் பழைய பல் பிரஷ். பொம்மையில் ஸ்டிக்கர் ஒட்டிய பிசினுக்கு வேர்க்கடலை வெண்ணெய். அந்த டப்பாவில் நான் ஒருதரம் ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டேன். “அது கழுவுற டப்பா. திங்கிற டப்பா மேல் தட்டுல இருக்கு” என்று முழுவதும் தின்று முடித்த பிறகுதான் சொன்னாள்.

விற்பனைக்கு முந்தின வாரம் அவள் சமையலறை நிறையப் பெண்கள் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். விலை கேட்கத்தான். ஒரு சின்னப் பெண் தன் மகனின் முதல் ஷூவுக்கு இருபது டாலர் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வெல்டா அதை வாங்கிப் பார்த்தாள்.

“இது ஷூவோட விலையா, ஞாபகத்தோட விலையா?”

அந்தப் பெண் முழித்தாள்.

“ஞாபகத்த வீட்லயே வச்சுக்க கண்ணு, அத யாரும் வாங்க மாட்டாங்க. ஷூவுக்கு ரெண்டு டாலர் போடு. பஸ் ஸ்டாப்ல நிக்கிற ஒரு தாய் மூஞ்சியப் பாத்து அந்த விலையச் சொல்ல முடியுதான்னு பாரு. முடிஞ்சா அதுதான் விலை.”

அந்தப் பெண் ஷூவைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வெல்டா சிரித்துவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

அவளுக்கென்று பெற்ற பிள்ளை இல்லை. ஆனால் அந்த வீட்டில் பிள்ளை இல்லாத நாளும் குறைவு. வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத பிள்ளைகளை அரசாங்கக் கவுன்ட்டி ஆபீஸ்காரர்கள் அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். சில பிள்ளைகள் இரண்டு வாரம் இருக்கும், சில வருஷக் கணக்கில். வரும்போது எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் வரும், உடைமையெல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில். அது வெல்டாவுக்கு ஆகாது. பிள்ளை வந்த வாரமே எங்கிருந்தாவது ஒரு பெட்டி வாங்கிவிடுவாள், சக்கரம் வைத்தது. “என் வீட்ல இருந்து குப்பைப் பையோட ஒரு புள்ளையும் போகாது” என்பாள். போகும்போது அந்தப் பெட்டியில் எல்லாம் தோய்த்து மடித்து இருக்கும். வாசலில் நின்று கையை ஆட்டுவாள். கார் திரும்பியதும் உள்ளே போய் பஸ் சாவியை எடுப்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. விற்பனைக்கு வரும் எந்தத் தாயும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவாள். அடுத்த வருஷத்துக்கு ஆகும், மலிவாகக் கிடைக்கிறது, எடுத்துப் பரணில் போடு என்பதுதான் எல்லாருடைய கணக்கும். வெல்டா மட்டும் இன்றைக்குச் சரியாக இருக்கிற அளவைத் தாண்டி ஒன்றும் எடுக்க மாட்டாள். பெண்கள் அவள் கையில் திணிப்பார்கள். “வெல்டா, இதப் பாரு, புத்தம் புதுசு, அடுத்த குளிருக்கு ஆகும்!”

“அடுத்த குளிருக்கு என் வீட்ல யாரு இருப்பாங்களோ. இன்னிக்கு இருக்கிற புள்ளைக்கு இன்னிக்கு அளவு” என்று மாட்டின இடத்திலேயே திரும்ப மாட்டிவிடுவாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஓப்பல். வந்தபோது அவளுக்கு நடக்கவே அப்போதுதான் வந்திருந்தது. நல்ல மழை. யாரோ பெரிய ஆளின் பனியனைப் போட்டு, காலில் செருப்பில்லாமல், கவுன்ட்டி ஆபீஸ் பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்து வந்தாள். வெல்டா அவளுக்கு ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினாள். அந்தப் பெட்டி இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஓப்பல் தினமும் பஸ்ஸில் வெல்டாவுக்குப் பின்னால் முதல் சீட்டில் போய்வருவாள். எந்த ஸ்டாப்புக்குப் பிறகு எந்த ஸ்டாப் என்று வரிசையாகச் சொல்வாள். எங்கே நாய் குரைக்கும், எந்தப் பையன் தினமும் ஓடிவந்து ஏறுவான் எல்லாம் தெரியும். என்னை ‘பேட்டரி தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள். சொந்தப் பேத்தி பிறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தாத்தா பட்டம் கொடுத்தவள் அவள்தான்.

ஓப்பலின் அம்மா உரிமையை விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று போன கோடையில் தெரிந்தது. வெல்டா தத்தெடுக்க எழுதிக் கொடுத்தாள். அந்த மாசக் கடைசியில் ஒருநாள் அவள் காரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். டவுன் கடையில் கோடைத் துணியை எல்லாம் தள்ளுபடியில் ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னது அது?”

“ஒண்ணுமில்ல.”

பெட்டியின் வாயில் இரண்டு தவளைக் கண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓப்பல் அப்போது மூணு வயது சைஸ் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கோட்டு நாலு. வெல்டா என் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

“வாயத் திறந்த, பாரு” என்றாள்.

நான் திறக்கவில்லை.

குளிர்காலத்தில் அந்தச் செய்தி வந்தது. ஓப்பலுக்கு ஒஹாயோவில் ஒரு பெரியம்மா இருக்கிறாள், அம்மாவுக்கு அக்கா முறை, பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்டிருக்கிறாள் என்று. அவள் ஓப்பலைப் பார்த்ததே இல்லை. ஆனால் ரத்த சொந்தம். கவுன்ட்டி ஆபீஸ் பெண்ணே, “மனச திடப்படுத்திக்கோங்க மிஸ் வெல்டா” என்று சொல்லிவிட்டுப் போனாள். தீர்ப்புக்கு வைத்த வெள்ளிக்கிழமையும் எங்கள் விற்பனை வெள்ளிக்கிழமையும் ஒன்றாக அமைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊக்கும் அட்டையும் எடுத்துக்கொண்டு வெல்டா வீட்டுக்குப் போனேன். சிவப்புப் பெட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றது. மேஜைமேல் அந்த அட்டைப்பெட்டி.

“இதுவுமா?” என்றேன்.

“இதுவும்.”

“ஒண்ணுகூட பிரிக்கல வெல்டா.”

“நல்லதாப் போச்சு, சீக்கிரம் விக்கும்.”

“அவகூடவே அனுப்பலாமே?”

“கேட்டேன். அந்தப் பெரியம்மா வீட்ல ரெண்டு பொண்ணுங்களாம். பழசு மலையா கிடக்குது, ஒண்ணும் வேண்டாம்னுட்டா.” ஒரு கவுனை ஹேங்கரில் மாட்டினாள். சின்னச் சின்னச் செர்ரிப் பழம் போட்ட கவுன். ஹேங்கரின் கொக்கி இடதுபக்கம் பார்க்க வேண்டும், அது விற்பனையின் சட்டம். வெல்டா அன்றைக்கு வலதுபக்கம் மாட்டினாள். நான் திருப்பி மாட்டினேன்.

“கோர்ட்டு இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

“டூயி, வெள்ளிக்கிழமை நான் தனியா இந்தக் கதவத் திறந்து உள்ள வரணும். வரும்போது இந்தப் பெட்டி என்னப் பாக்கக் கூடாது. அவ்ளோதான். எழுது. ஒரு டாலர்.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும். வட்டமும் போட்டுரு.”

“போன வாரம்தான் ஒரு பொண்ணுகிட்ட ஞாபகத்துக்கு விலை போடாதன்னு சொன்ன. இப்ப நீ பண்றது என்னவாம்?”

“எழுதுறியா, நான் வேற ஆளக் கூப்பிடவா?”

எழுதினேன். ரப்பர் பூட்ஸ், ராத்திரிக்குப் போடும் கவுன், இரண்டு முழுக்கால் சட்டை, கட்டம் போட்ட மேல்சட்டை. நான் தவளைக் கோட்டில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது மேஜைக்கு அடியிலிருந்து ஓப்பலின் தலை வெளியே வந்தது.

“தவள!”

கையை நீட்டிக் குல்லாயைப் பிடித்துக்கொண்டாள். வெல்டா குனியாமலே, “விடு கண்ணு, அது வேற பாப்பாவோடது” என்றாள்.

“எந்தப் பாப்பா?”

வெல்டா திரும்பிக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. ஓப்பல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் பேத்தியோடது” என்றேன். வேறு என்ன சொல்வது? “ஹேட்டி பாப்பா. போட்டோ காட்டினேன்ல?”

ஓப்பல் யோசித்தாள். “அவ குட்டி. உள்ள மூழ்கிடுவா.”

“வளர்ந்துருவா.”

அதற்குப் பிறகு எனக்கு வேறு வழியில்லை. புதன்கிழமை எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். வியாழன் சாயங்காலம் வேலை செய்தவர்கள் வாங்கும் நேரம் வந்ததும், முதல் வேலையாகப் போய் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு கல்லாவில் நின்றேன். ஒரு சின்னப் பிள்ளையிடம் சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது. அதோடு, உள்ளதைச் சொன்னால், அந்தத் தவளைக் கண் ஹேட்டியின் தலைக்குமேலே எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். பிறகு மனசு வைத்துவிட்டு வருமா?

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. நான் பொம்மை மேஜையில் நின்று வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக முடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். பாடும் மாடு ஒன்று, ரயில் ஒன்று, ஏ பி சி சொல்லும் கரடி ஒன்று, எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் துடித்தது. வெல்டாவின் பெயர். மாட்டை அப்படியே பாடவிட்டு வெளியே கார் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

“வெல்டா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

“வெல்டா, எங்க இருக்க? நான் வரேன், அங்கயே இரு.”

“கோர்ட்டுப் படிக்கட்டுல. ஓப்பல் பக்கத்துல ஐஸ்க்ரீம் தின்னுட்டு இருக்கா.” மறுபடியும் உறிஞ்சினாள். “அவ வேண்டான்னுட்டா டூயி.”

“யாரு?”

“பெரியம்மா. நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஓப்பலோட உக்காந்திருந்தா. இவ ஸ்டாப் ஸ்டாப்பா எல்லாத்தையும் சொல்லி, அவளப் பின்சீட்ல உக்கார வச்சு, நாற்காலியெல்லாம் போட்டு பஸ் ஓட்டினா. இன்னிக்கு அந்தம்மா ஜட்ஜ் முன்னாடி எந்திரிச்சு, ‘இந்தப் புள்ளைக்கு யாருமில்லையேன்னுதான் நான் கேட்டேன். நேர்ல வந்து பாத்தேன், இவளுக்கு ஆள் இருக்கு’ன்னு சொல்லிட்டா. ஜட்ஜ் ரெண்டு தடவ கேட்டார். ரெண்டு தடவையும் அதேதான் சொன்னா. இங்கயே இருக்கட்டும்னுட்டார். ஜூன்ல வந்து தத்துக் கையெழுத்து.”

“அப்பாடா!” என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்துக் காரில் தள்ளுவண்டியைத் திணித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, “எங்க, இன்னும் ஒரு சக்கரம் வெளியதான் இருக்கு” என்றான். நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“டூயி” என்றாள் வெல்டா. குரல் மாறியிருந்தது. “அந்தப் பெட்டிச் சாமான்…”

“வை போனை” என்று எழுந்தேன்.

கார்லீனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கல்லாவை விட்டு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் முன்னால்தான். ஆனால் நான், “ரேக்குல மிச்சம் இருக்கிறத அப்படியே எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டவுடன் கையை எடுத்துவிட்டாள்.

“அது எப்படி? தொங்கவிட்டது தொங்கவிட்டதுதான். கல்லா வழியாத்தான் வெளிய போகணும்.”

“கார்லீன்! அது அவளோட துணியே!”

“ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஊரே கேக்கும். நீ போய் எடு, வரிசைல வா, காசு கட்டு” என்றாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. பிறகு மைக்கை எடுத்தாள். “எல்லாரும் கொஞ்சம் கவனிங்க! யார் கையிலயாவது முப்பத்தொண்ணாம் நம்பர் சீட்டு போட்ட நாலு வயசுத் துணி இருந்தா, தயவுசெஞ்சு கல்லாப் பக்கம் வாங்க. பயப்படாதீங்க, திருட்டு மால் இல்ல. நம்ம பஸ் வெல்டாவுக்குப் புள்ள கெடச்சிருச்சு! ஓப்பல் இங்கயேதான் இருக்கப் போறா!”

ஹாலில் ஒரு நொடி மாடு பாடுவது மட்டும் கேட்டது. பிறகு கைத்தட்டல். அங்கே இருந்த தாய்மாரில் பாதிப் பேர் சின்ன வயதில் வெல்டாவின் பஸ்ஸில் போனவர்கள்தான். செர்ரி கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெண் ஓடி வந்து என் கையில் கொடுத்தாள். “நான் ஜன்னல்ல தலைய நீட்டினா மிஸ் வெல்டா பஸ்ஸையே நிறுத்திருவாங்க. இத அவங்ககிட்டக் குடுத்துட்டு, கேட்டேன்னு சொல்லுங்க ஐயா” என்றாள். இரண்டு முழுக்கால் சட்டையும் ரேக்கிலேயே இருந்தன. கட்டம் போட்ட மேல்சட்டையை யாரோ தலைக்குமேலாக ஒவ்வொரு கையாக மாற்றி அனுப்பிவைத்தார்கள்.

ராத்திரி கவுன் போனது போனதுதான். காலையிலேயே பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வாங்கிப் போய்விட்டாளாம். ரப்பர் பூட்ஸ் மட்டும் ஹாலுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் அதைப் போட்டுக்கொண்டு தரையில் தொம் தொம் என்று குதித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

“மன்னிச்சுக்கோங்க ஐயா. இப்ப இதக் கழட்டினா இன்னிக்கு நான் வீடு போய்ச் சேர மாட்டேன்.”

“கழட்டாதம்மா. குதிக்கட்டும்” என்றேன். உண்மையில் அந்தப் பூட்ஸ் அந்தக் காலுக்குத்தான் செய்த மாதிரி இருந்தது.

கார்லீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் தவறாமல் வாங்கினாள். வாங்கிவிட்டு, தன் பையிலிருந்து வாழைப்பழப் புட்டிங் ஒரு கிண்ணம் எடுத்து, “இது வெல்டாவுக்கு. இதுக்குச் சீட்டு இல்ல” என்றாள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் கொண்டு வெல்டா வீட்டுக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போட்ட ஷூ ஒன்று வாசலிலும் ஒன்று வீட்டுக்குள்ளேயும் கிடந்தது. அவள் வெறுங்காலோடு அடுப்பில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பையைக் கொட்டியதும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடிக்கவில்லை, மோந்தும் பார்க்கவில்லை, சும்மா எடுத்து எடுத்து வைத்தாள். நான் கடைசியாகத் தவளைக் கோட்டை நீட்டினேன்.

“இது வேண்டாம். நீ காசு குடுத்து வாங்கினது. உன் பேத்தியோடது.”

“சும்மா பிடி வெல்டா.”

“சொன்னா சொன்னதுதான்.”

“ஆமா, ஹேட்டியோடது” என்றாள் ஓப்பல், கண்டிப்பாக. அவள் செவ்வாய்க்கிழமையை மறக்கவே இல்லை. ஆனால் கண் மட்டும் தவளையை விட்டு நகரவில்லை.

“ஹேட்டி குட்டி. மூழ்கிடுவான்னு நீதானே சொன்ன?” என்றேன். “அவ வளர்ற வரைக்கும் நீ போட்டுப் பழக்கி வையேன். யாரும் போடாம வச்சா தவள கண்ணு மூடிரும்.”

ஓப்பல் வெல்டாவைப் பார்த்தாள். வெல்டா ரொட்டிச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள்.

“ரெண்டு வருஷம் இவ போடட்டும். அப்புறம் நல்லாத் தோய்ச்சு, வெயில்ல போட்டு, உன் பேத்திக்குத் தரேன்” என்றாள்.

கோட்டு கணுக்கால் வரைக்கும் வந்தது. ஓப்பல் அதோடுதான் சாப்பிட்டாள், அதோடுதான் என்னை வாசல்வரை வந்து அனுப்பினாள். நான் என் மகள் ஷானாவுக்குப் போன் போட்டு, “உன் பொண்ணுக்கு வாங்கின கோட்டைக் குடுத்துட்டேன்” என்றேன். அவள், “எந்தக் கோட்டுப்பா? முதல்ல அந்த சைக்கிள எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க” என்றாள்.

இன்று சனிக்கிழமை, பாதி விலை நாள். காலையில் கதவு திறக்கும் முன்பே நீள வரிசை. நல்ல வெயில். வரிசை நடுவில் ஒரு தவளை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வெல்டா, கையில் அந்தச் சிவப்புப் பெட்டி. திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

கார்லீன் கதவைத் திறந்துகொண்டே, “வெல்டா, நாலு வயசு ரேக்குல உனக்கு இனி ஒண்ணும் மிச்சமில்ல கண்ணு, எல்லாத்தையும் டூயி அள்ளிட்டான்” என்றாள்.

வெல்டா பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“நாலு யாருக்கு வேணும்? அஞ்சு எங்க தொங்குது, அதச் சொல்லு. ஆறு இருந்தா அதையும் காட்டு. கொஞ்சம் பெரிசாவே பாத்து எடுக்கிறேன், வளர்ற புள்ள.”